டேங்க் கீசரா, இன்ஸ்டன்ட் கீசரா? கரண்ட் கணக்கும் குளியல் கணக்கும்

கீசர் வாங்கப் போனால் கடைக்காரர், "இன்ஸ்டன்ட் எடுத்துக்குங்க சார், டேங்க் கிடையாது, கரண்ட் மிச்சம்" என்பார். அதை மாட்ட வரும் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு கிலோவாட்டா? டேங்க் ரெண்டு கிலோவாட்டோட நின்னுடும், இது பில்லை ஏத்திடும்" என்பார். இருவருமே அடித்துச் சொல்வார்கள். நம் ஊர் வீடுகளைப் பொறுத்தவரை இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் தவறு. கரண்ட் பில்லை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வேறு காரணங்களை வைத்துத்தான் முடியும். ஏன் என்று பார்க்கலாம்.

## டீக்கடை பாய்லரும் வீட்டு அடுப்பும்

டீக்கடையில் பாய்லர் காலையிலிருந்து இரவு வரை சூடாகவே இருக்கும். எந்த நேரத்தில் ஆள் வந்தாலும் குழாயைத் திருகினால் வெந்நீர் வர வேண்டும். யாருமே வராத மதியம் மூன்று மணிக்கும் அடியில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், ஏனென்றால் பாய்லரின் உடம்பு வழியாகச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் நாம் அப்படிச் செய்வதில்லை. இரண்டு பேருக்கு டீ வேண்டுமென்றால் இரண்டு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைக்கிறோம், கொதித்ததும் இறக்குகிறோம், அடுப்பை அணைக்கிறோம்.

டேங்க் கீசர் பாய்லர் வகை. 10, 15, 25 லிட்டர் என்று ஒரு தொட்டி, அதற்குள் தண்ணீரில் மூழ்கியபடி ஒரு காயில். தண்ணீர் குறித்த சூட்டைத் தொட்டதும் கரண்டைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அதன் பெயர் தெர்மோஸ்டாட். கீசரில் எரியும் சிவப்பு விளக்கு அணைவது அதன் வேலைதான்.

இன்ஸ்டன்ட் கீசர் அடுப்பு வகை. தண்ணீர் உள்ளே நுழைந்து வெளியேறும் வழியிலேயே சூடாக வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் எண்ணம் கிடையாது.

புதிதாக வந்த தொழில்நுட்பம் என்று இன்ஸ்டன்டை விற்கிறார்கள். உண்மையில் முதலில் வந்ததே அதுதான். லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் 1868-இல் காப்புரிமை பெற்ற கீசர், ஓடும் தண்ணீரை அடியில் எரியும் வாயுவால் சூடாக்கியது. அதில் தொட்டி இல்லை. தானாகவே இயங்கும் தொட்டி வகையை அமெரிக்காவில் எட்வின் ரூட் கொண்டுவந்தது சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான்.

## "கரண்ட் மிச்சம்" எங்கிருந்து வந்தது

அமெரிக்க வீடுகளில் 40, 50 கேலன் தொட்டி, அதாவது 150 முதல் 190 லிட்டர் வரை பிடிக்கும் ஒரு பெரிய உருளை, வீட்டின் அடித்தளத்திலோ கேரேஜிலோ நிற்கும். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வெந்நீர் போகும். அதை யாரும் அணைப்பதில்லை. வருடம் முழுக்க, வீட்டார் ஊருக்குப் போன நாளிலும்கூட, பெரும்பாலும் அது சூடாகவே நிற்கும். டீக்கடை பாய்லரேதான்.

யாரும் தண்ணீர் எடுக்காதபோதும் தொட்டி வழியாக வெளியேறும் சூட்டை ஸ்டேண்டிங் லாஸ் என்கிறார்கள். 190 லிட்டரை 24 மணி நேரமும் சூடாக வைத்தால் இந்த இழப்பு பெரிதாகத்தான் இருக்கும். அதனால்தான் அமெரிக்க எரிசக்தித் துறை, நாளுக்கு 41 கேலன் அல்லது அதற்குக் குறைவாக வெந்நீர் செலவழிக்கும் வீட்டில் தொட்டியில்லாத ஹீட்டர் 24 முதல் 34 சதவீதம் வரை திறன் கூடியது என்கிறது. அந்த எண் சரியானதே. அது அந்த வீட்டுக்கான எண்.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் எழுந்ததும் கீசர் ஸ்விட்சைப் போடுகிறோம், பல் தேய்த்து காபி குடித்து முடிப்பதற்குள் விளக்கு அணைகிறது, குளிக்கிறோம், ஸ்விட்சை அணைக்கிறோம். மறந்துவிட்டால் வீட்டில் யாராவது சத்தம் போடுகிறார்கள். 15 லிட்டர் தொட்டி சூடாக நிற்பதே அரை மணி, முக்கால் மணி நேரம்தான். நல்ல ஸ்டார் குறியீடு உள்ள 15 லிட்டர் கீசரில் ஸ்டேண்டிங் லாஸ் முழு நாளுக்கே அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதில் அரை மணி நேரத்தின் பங்கு நூறில் ஒரு யூனிட். மிச்சப்படுத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பெட்டியில் ஒட்டியிருக்கும் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) நட்சத்திரங்களும் இந்த இழப்பைத்தான் அளக்கின்றன. வெளிச்சூட்டைவிட 45 டிகிரி அதிகமாகத் தொட்டியை வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் எவ்வளவு யூனிட் வீணாகும் என்பதே அதன் அடிப்படை. தண்ணீரை எவ்வளவு வேகமாகச் சூடாக்கும் என்பதற்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. இன்ஸ்டன்ட் கீசருக்கு நட்சத்திரம் இல்லாததைத் தரக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்; சேமித்து வைக்காத கருவியில் அளப்பதற்கு அந்த இழப்பு இல்லை.

சுருக்கமாக: தொட்டியில்லாததால் மிச்சம் என்ற வாதம் நாள் முழுக்க எரியும் பெரிய தொட்டிக்கு எதிராகச் சொல்லப்பட்டது. காலையில் போட்டு உடனே அணைக்கும் சின்னத் தொட்டிக்கு அது பொருந்தாது.

## ஒரு வாளி வெந்நீரின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் கரண்டில் 860 கிலோகலோரி இருக்கிறது. ஆக, லிட்டரை டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். இது ஒன்று போதும், மீதி எல்லாவற்றையும் நாமே போட்டுப் பார்க்கலாம்.

சென்னையில் மார்கழி காலையில் குழாய்த் தண்ணீர் சுமார் 25 டிகிரி இருக்கும் என்று வையுங்கள். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. 20 லிட்டர் வாளி ஒன்று. ஏற்ற வேண்டியது 15 டிகிரி. 20 × 15 = 300 கிலோகலோரி. 860-ஆல் வகுத்தால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 0.35. நாலு பேர் வீட்டில் ஆளுக்கொரு வாளி என்றால் காலைக்கு 1.4 யூனிட்.

இதில் கீசரின் பெயர், விலை, வகை எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீரில் மூழ்கியிருக்கும் காயிலில் போகும் கரண்ட் அத்தனையும் சூடாக மாறி அந்தத் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும், போக வேறு இடமில்லை. அதனால் டேங்க் கீசரில் சூடாக்கினாலும் இன்ஸ்டன்டில் சூடாக்கினாலும், பழைய இமர்ஷன் ராடை வாளியில் போட்டுச் சூடாக்கினாலும் அதே 0.35 யூனிட்டை ஒட்டித்தான் செலவு. (இமர்ஷன் ராடைச் சிபாரிசு செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்விட்ச் போட்டபடி சூடு பார்க்க வாளிக்குள் கைவிட்டு உயிரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.)

## இரண்டு கிலோவாட், மூன்று கிலோவாட்

எலக்ட்ரீஷியன் சொன்னதற்கு வருவோம். கிலோவாட் என்பது வேகம்: ஒரு கருவி கரண்டை எந்த வேகத்தில் எடுக்கிறது என்பது. யூனிட் என்பது அளவு: ஒரு கிலோவாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஈ.பி. காசு கேட்பது யூனிட்டுக்கு.

மூன்று கிலோவாட் காயில் நிமிடத்துக்கு 43 கிலோகலோரி கொடுக்கும். நம் 300 கிலோகலோரி வாளி ஏழு நிமிடத்தில் தயார். இரண்டு கிலோவாட் நிமிடத்துக்கு 29 கொடுக்கும். அதே வாளிக்குப் பத்தரை நிமிடம். வேகமாக எடுத்தது சீக்கிரம் முடிக்கிறது, மெதுவாக எடுத்தது நேரமெடுத்து முடிக்கிறது. மீட்டரில் ஓடியது இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் வீணாவது எங்கேயுமே இல்லையா? ஒரு இடத்தில் உண்டு. தனியாக இருக்கும் ஒருவர் 25 லிட்டர் டேங்க் வாங்கி, முழுவதையும் 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு வாளி விளாவிக் குளித்துவிட்டு ஆபீஸ் போகிறார். அவர் ஏற்றியது 25 × 35 = 875 கிலோகலோரி, ஒரு யூனிட். பயன்படுத்தியது 300. மீதி தொட்டிக்குள் கிடக்கிறது. ராத்திரி வந்து அதே தண்ணீரில் முகம் கழுவினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மறுநாள் காலை வரை தொடவில்லையென்றால் கணிசமான பங்கு தொட்டியின் உடம்பு வழியாகப் போயிருக்கும். (நட்சத்திரம் உண்மையிலேயே உதவுவது இப்படி மிச்சத் தண்ணீர் நிற்கும் வீட்டில்தான்.) ஆனால் இந்தக் குற்றம் டேங்க் என்ற வகையின் மேல் வராது. தேவைக்கு மீறிய டேங்க் வாங்கியதால் வந்தது. 10 லிட்டர் எடுத்திருந்தாலோ, தெர்மோஸ்டாட் திருகைக் குறைத்து வைத்திருந்தாலோ இந்தச் செலவு வந்திருக்காது.

## முதலில் சுடுவதும் அப்புறம் ஆறுவதும்

கரண்ட் கணக்கு முடிந்தது. இனி குளியல் கணக்கு. இரண்டு வகைக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

நம் கடைகளில் இன்ஸ்டன்ட் என்று விற்பது பெரும்பாலும் 3 லிட்டர், 3 கிலோவாட் பெட்டி. பெயர்தான் இன்ஸ்டன்ட், உள்ளே 3 லிட்டர் குட்டித் தொட்டி இருக்கிறது. இதை வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே புகார் சொல்வார்கள்: "திறந்தா முதல்ல கொதிக்கக் கொதிக்க வருது, ஒரு நிமிஷத்துல வெதுவெதுன்னு ஆயிடுது. ஏதோ பழுது." பழுதில்லை. அதன் இயல்பே அது.

ஸ்விட்சைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் உள்ளே நிற்கும் 3 லிட்டர் 60 டிகிரி வரை ஏறிவிடும். குழாயைத் திறந்ததும் அந்த 3 லிட்டர் சுடச்சுட வந்து விழுகிறது. அது தீர்ந்தபின் வருவது, அப்போதுதான் உள்ளே நுழைந்து காயிலைத் தாண்டி வெளியேறும் தண்ணீர். அதற்குக் கிடைப்பது நிமிடத்துக்கு 43 கிலோகலோரி மட்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வரும்படி குழாயை லேசாகத் திறந்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் 14 டிகிரி ஏறும். 25-இல் இருந்து 39. குளிக்கலாம். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும்படி ஷவரைத் திறந்தால் அதே 43 எட்டாகப் பிரிந்து, ஏறுவது ஐந்தரை டிகிரிதான். 30 டிகிரித் தண்ணீர். மார்கழியில் அதைப் பச்சைத் தண்ணீர் என்றுதான் உடம்பு சொல்லும்.

உங்கள் ஷவர் எவ்வளவு கொட்டுகிறது என்று பார்க்க வாளியை அடியில் வைத்து, போனில் நேரம் பாருங்கள். 20 லிட்டர் வாளி இரண்டரை நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர். பிரஷர் பம்ப் வைத்த அடுக்குமாடி வீடுகளில் இன்னும் சீக்கிரம் நிரம்பும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டில் ஐந்து நிமிடம்கூட ஆகலாம். பக்கத்து வீட்டில் நன்றாக ஓடும் இன்ஸ்டன்ட் உங்கள் வீட்டில் ஓடாததற்கு இந்த வேறுபாடு ஒன்றே போதும்.

8 லிட்டர் ஷவரை 15 டிகிரி ஏற்றிக்கொண்டே இருக்க 8.4 கிலோவாட் வேண்டும். ஊட்டியில் 15 டிகிரியில் தண்ணீர் வரும் காலையில் 14 கிலோவாட். அமெரிக்காவில் முழு வீட்டுக்கு மாட்டும் மின்சார இன்ஸ்டன்ட் ஹீட்டர்கள் 18 கிலோவாட், 27 கிலோவாட் என்று வருவது இதனால்தான். நம் 3 கிலோவாட் பெட்டிக்கும் அவற்றுக்கும் பெயர் மட்டும்தான் பொது. அந்த ஊர் வீடியோவைப் பார்த்து "முடிவில்லாமல் வெந்நீர் வருமாம்" என்று நம்பி நம் ஊர் 3 லிட்டரை ஷவருக்கு மாட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

## டேங்கில் 15 லிட்டர் என்றால் 15 லிட்டர் இல்லை

டேங்க் கீசரின் பலம், காயில் மெதுவாக வேலை செய்தாலும் நாம் குளிக்க வருவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பது. 15 லிட்டரை 25-இல் இருந்து 60-க்கு ஏற்ற 2 கிலோவாட் காயிலுக்குப் பதினெட்டு நிமிடம். 25 லிட்டருக்கு அரை மணி. அதற்குப் பிறகு எந்த வேகத்தில் திறந்தாலும் சூடு குறையாமல் வரும், தொட்டி தீரும் வரை.

60 டிகிரித் தண்ணீரில் யாரும் குளிப்பதில்லை, விளாவித்தான் குளிக்கிறோம். 15 லிட்டரோடு 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்ந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் வரும். 25 லிட்டர் தொட்டி 58 லிட்டராகப் பெருகும். உள்ளே வரும் தண்ணீர் அடியில் சேர்ந்து, வெந்நீர் மேலிருந்து வெளியேறும்படி தொட்டியை அமைத்திருப்பார்கள். ஆனாலும் கடைசியில் கொஞ்சம் கலந்துவிடும், அதனால் நடைமுறையில் இந்த எண்கள் சற்றுக் குறையும்.

இதையே நிமிடமாக மாற்றிப் பாருங்கள். 8 லிட்டர் ஷவரில் 15 லிட்டர் தொட்டி நாலரை நிமிடத்துக்கும் கீழே தாங்கும், 25 லிட்டர் ஏழு நிமிடம் வரை. அடுத்தவர் உடனே நுழைந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் தொடர்ந்து ஷவரில் குளிக்கும் வீட்டில் 15 லிட்டர் வைத்தால் காலையில் சண்டைதான்.

ஆக, காயிலின் கிலோவாட் வெந்நீர் தயாராகும் வேகத்தைத் தீர்மானிக்கிறது, தொட்டி முன்கூட்டியே எவ்வளவு தயாராக நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாளியில் பிடித்துக் குளிக்கிறவருக்கு வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஷவரில் நிற்பவருக்குத் தொட்டி இல்லாமல் முடியாது.

## யாருக்கு எது

வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வீட்டுக்கு, சமவெளி ஊரில், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் தாராளமாகப் போதும். வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்து, ஏழெட்டு நிமிடம் மெதுவாக நிரப்பி, ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளிக்கலாம். விலையும் குறைவு, சுவரில் இடமும் குறைவு. சமையலறை சிங்க்கில் எண்ணெய்ப் பாத்திரம் கழுவவும் இதுவே பொருத்தம்.

இங்கே நம் வீடுகளின் ஒரு பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு உள்ள போ" என்று சொல்லியே பல வீடுகளில் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். டேங்க் கீசரில் அது முடியும், முன்பே சூடாகி நிற்கிறது. இன்ஸ்டன்டில் நேராக ஷவரில் குளிப்பதென்றால் தண்ணீர் மேலே விழும்போது கரண்ட் ஓடிக்கொண்டிருந்தாக வேண்டும். வீட்டில் எர்த் சரியாக இருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கரண்ட் கசிந்த கணமே துண்டிப்பதுதான் அதன் வேலை. எர்த் கம்பி இருக்கிறதா என்றே தெரியாத பழைய வீட்டில், பெரியவர்களின் எச்சரிக்கை நியாயமானது. அப்படிப்பட்ட வீட்டில் இன்ஸ்டன்ட் ஷவர் வேண்டாம் என்பேன்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் மின்சார இன்ஸ்டன்டை முதன்மைக் கீசராக நினைக்கவே வேண்டாம். ஒரு வாளிக்கே பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊரிலும் டேங்க் நல்லது. ஐந்து மணிக்குச் சூடாக்கியது ஆறு மணிக்குக் கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும். வோல்டேஜ் குறைவான இடத்திலும் இதே கதை. 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் 3 கிலோவாட் காயில் 2.3 கிலோவாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். டேங்கில் அதன் விளைவு சில நிமிடக் காத்திருப்பு. இன்ஸ்டன்டில் நேரடியாகத் தண்ணீரின் சூடு குறையும்.

## சுவருக்குள் இருக்கும் வயர்

3 கிலோவாட், 230 வோல்டில் 13 ஆம்பியர் எடுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் போதும். சில கம்பெனிகள் 4.5 கிலோவாட் இன்ஸ்டன்டும் விற்கின்றன, அது கிட்டத்தட்ட 20 ஆம்பியர். அதைச் சாதாரணக் குளியலறைப் பிளக்கில் சொருகினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பிளக்கின் பிளாஸ்டிக் பழுத்து, கருகிய வாசனை வரும். 4.5 கிலோவாட் வேண்டுமென்றால் மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (சுமை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று தனி லைனே இழுக்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. டைல்ஸ் ஒட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்கும் செலவு கீசர் விலையையே தொட்டுவிடும்.

## உப்புத் தண்ணீர்

போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் சூடாகும்போது பிரிந்து காயிலின் மேல் ஓடு கட்டும். இரண்டு வருடம் சர்வீஸ் செய்யாத கீசரைத் திறந்தால் காயிலே தெரியாத அளவுக்கு வெள்ளையும் பழுப்புமாகப் படிந்திருக்கும்; ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சில்லுச் சில்லாக உதிரும். இதனால் கரண்ட் பில் ஏறும் என்று சர்வீஸ்காரர்கள் பயமுறுத்துவார்கள். பில் பெரிதாக ஏறாது. சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. ஓடு தடுப்பதால் காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிக் காய்ந்து சீக்கிரம் எரிந்துபோகும், அதுதான் நஷ்டம்.

டேங்க் கீசரில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: மெக்னீசியத்தால் செய்த ஆனோட் ராட். தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய வேதிவினை முதலில் இதைத் தின்னும். அது தீர்ந்தபின் தொட்டிதான் அடுத்த பலி. சர்வீஸுக்கு வருபவரிடம் காயிலோடு அதையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மெலிந்து கம்பியாகிவிட்டிருந்தால் மாற்ற வேண்டும். விலை குறைவான பொருள்தான், ஆனால் கேட்டாலொழிய யாரும் மாற்றுவதில்லை. பெரும்பாலான இன்ஸ்டன்ட் கீசர்களில் இந்த ராட் கிடையாது, பராமரிப்பும் அந்த அளவுக்குக் குறைவு. உப்பு அதிகமான பகுதியில் அதன் காயிலும் ஓடு கட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

## கேஸ் கீசர்

நம் ஊரில் கிடைப்பதில் உண்மையான தொட்டியில்லாத ஹீட்டர் இதுதான். நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றும் அளவுக்கு, பத்து கிலோவாட்டுக்கு மேல் சூடு கொடுக்கும். மலையூர் ஷவரையும் சமாளிக்கும். ஆனால் அது நெருப்பு. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் எரிந்தால் ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலை சுற்றுவதை உணர்ந்து கதவைத் திறப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். இந்தியாவில் குளிர்காலம்தோறும் இதனால் மரணங்கள் நேர்கின்றன. வென்டிலேட்டர் இருக்கிறது, சின்ன ஜன்னல் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்ட இடமிருந்தால் மட்டுமே வாங்குங்கள். இல்லையென்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

## வால்வில் சொட்டும் தண்ணீர்

டேங்க் வாங்க முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. மாட்டிய மறுநாளே கீசருக்கு அடியில் இருக்கும் சின்ன வால்விலிருந்து தண்ணீர் சொட்டும், உடனே லீக் என்று போன் போகும். தண்ணீர் 25-இல் இருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கொஞ்சம் விரிகிறது. 15 லிட்டரில் அந்த விரிவு ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி. பின்னால் போக வழியில்லாமல் தடுப்பு வால்வு இருப்பதால் அது இந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறது. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க ஒழுகினால் வால்வு பழுது, அல்லது கட்டிடத்தின் தண்ணீர் அழுத்தம் அதிகம். பிரஷர் பம்ப் உள்ள அடுக்குமாடிக்கு 8 பார் அழுத்தம் தாங்கும் தொட்டி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சொட்டுவது பிடிக்காமல் அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும், அதற்குத் துணையாகச் சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒருநாள் சேர்ந்து பழுதானால், கொதிக்கும் தொட்டியின் அழுத்தம் வெளியேற இருக்கும் கடைசி வழி அது. சொட்டுவது தொந்தரவாக இருந்தால் ஒரு மெல்லிய ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைத் தரை வடிகாலில் விட்டுவிடச் சொல்லுங்கள்.